மாட்டுக்கொட்டிலில் ஒரு பின்னேரம்

திருநெல்வேலி, யாழ்ப்பாணம்
1991

தங்கச்சிக்கு,

மாப்பிள்ளை வீட்டார் உன் மகளைப் பார்க்க வந்த அன்று, நீ என் மகள் பவளத்தை மாட்டுக்கொட்டிலில் ஒளித்து வைத்தாய். கேட்டதற்கு, "அண்ணை, ஒரு பின்னேரம்தானே, உவளுக்கு என்ன விளங்கப் போகுது?" என்றாய். விளங்கியிருக்கிறது. உன் பெயரைச் சொன்னால் முகத்தைப் பொத்துகிறாள்.

இடம்பெயர்ந்த சனம் வகுப்பறைகளில் தங்கியிருப்பதால், அவளைப் போன்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் நான்கு மாதமாக நடக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நீ அவளை வைத்திருந்தபோதுதான் அவள் தாய், உன் மச்சாள், நித்திரை கொண்டாள். இப்போது அதுவும் இல்லை. அனுப்ப வேறு வீடும் இல்லை.

நான் கெஞ்சவில்லை. வெள்ளிக்கிழமை நீயே வந்து அவளைக் கூட்டிப்போக வேண்டும். உன் கணவர் முன்விறாந்தையில் அவளுக்குப் பாய் விரிக்க வேண்டும். இவள் என் அண்ணையின் மகள், என் மருமகள் என்று சம்பந்தி வீட்டாரிடம் நீ சொல்ல வேண்டும். தெருவுக்கு ஓடிவிடாதபடி நாங்கள் அவளைக் கட்டிலோடு கட்டியிருக்கும் சீலையை நான் அவிழ்க்க வேண்டும்.

உன் அண்ணை