அடியில் போகிற சத்தம்

இஞ்சேருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதும்போதும் அந்தப் பெயர் வரமாட்டேன் என்கிறது. கற்பிட்டி முழுக்க உங்களை ‘எஞ்சின் றெஜி’ என்றார்கள். கொழும்பில் வேறொரு றெஜி இருந்தார் என்பது உங்கள் மனுசியான எனக்கே கடைசியில்தான் தெரியவந்தது. அவரைப் பற்றி நாலு பேர் படிக்க எழுதச் சொல்லி எங்கள் மகள் மெலனி கரைச்சல் கொடுத்தபடியே இருக்கிறாள். நாலு பேருக்கு எழுத எனக்குத் தெரியாது. உங்களுக்கு எழுதுகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

உங்கள் ஆண்டுப் பூசை முடிந்துவிட்டது. மழைக்கு வீட்டுச் சுவர் கொஞ்சம் ஊறியிருக்கிறது. பள்ளிவாசல்துறைப் பெடியன்கள் இன்னமும் எஞ்சின் பழுதென்றால் பழக்கதோசத்தில் எங்கள் படலைக்கு வந்து நிற்கிறார்கள். பிறகு நினைவு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, “சும்மா பாத்திட்டுப் போக வந்த, அன்ரி” என்கிறார்கள்.

நான் உங்களைக் கட்டியபோது நீங்கள் குருநகரில் படகு எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தீர்கள். கொழும்பில் ஒரு பாண்டில் கிற்றார் வாசித்தவர் என்று கலியாணப் பேச்சுக்கால் பேசியவர்கள் சொன்னார்கள். என் அம்மா அதைக் கேட்டுப் பயந்தா, குடிப்பாரோ என்று. நீங்கள் குடிக்கவுமில்லை, வாசிக்கவுமில்லை. கோயில் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிக்கச் சொல்லிப் பங்குச் சுவாமி கேட்டபோதும், “எனக்கு அது மறந்துபோச்சு, சுவாமி” என்று சொல்லிவிட்டீர்கள். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் நீங்கள் இருந்த அறையை எரித்ததும், கூட வாசித்த சிங்களப் பெடியன் ஒருவனின் வீட்டில் ஒளித்திருந்ததும், பிறகு கப்பலில் யாழ்ப்பாணம் வந்ததும் ஊர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பெடியனுக்கு ஒரு கடிதம் போடவில்லையா என்று ஒருதரம் கேட்டேன்.

“போட்டா அவனுக்குத்தான் கரைச்சல்” என்றீர்கள். சண்டை முடிந்த பிறகு திரும்பவும் கேட்டேன். “இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்னத்தை எழுதுறது?” என்றீர்கள்.

ஷெல் விழுந்து இடக்கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போனபோது ஆஸ்பத்திரியில் நான்தான் அழுதேன். நீங்கள் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஸ்பானர் பிடிக்க இது காணும்” என்றீர்கள். எவ்வளவு தைரியம் என்று நினைத்தேன். அன்று உங்கள் கையிலிருந்து என்ன போனது என்று எனக்கு எப்படித் தெரியும்?

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தோம். சண்டை முடிந்து ஆலங்குடாவில் ஹோட்டல்கள் எழும்பின. பட்டம் கட்டிக் களப்புத் தண்ணீரில் பலகையில் ஓட வெள்ளைக்காரர் வந்தார்கள். அவர்களின் படகும் ஜெனரேற்றரும் உங்கள் கைக்கு வந்தன. அப்படித்தான் ஒருநாள் பின்னேரம் கையில் ஒயில் காயாமல் வந்து குசினி வாசலில் குந்தினீர்கள்.

“இஞ்சேரும்” என்றீர்கள். “இண்டைக்கு நான் என்னைக் கேட்டனான்.”

காய்ச்சலாக்கும் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

முனாசின் ஹோட்டலில் ஜெனரேற்றர் திருத்தப் போயிருக்கிறீர்கள். முனாசும் யாழ்ப்பாணம்தான், சோனகத் தெருவில் பிறந்தவன். தொண்ணூறில் முஸ்லிம் சனம் முழுவதையும் துரத்தியபோது தாய்தகப்பனோடு வந்து புத்தளத்தில் வளர்ந்து இப்போது அந்த ஹோட்டலைப் பார்த்துக்கொள்கிறவன். இரைச்சலான பாட்டுகளில் அவனுக்குப் பைத்தியம். தங்கிப்போன ஜேர்மன்காரர் ஒருவர் கொடுத்த பழைய இலங்கை இசைத்தட்டுப் பதிவொன்றைப் போட்டுவிட்டு, உங்களைக் கூப்பிட்டானாம். “அண்ணன், இந்த பேஸ் கிற்றார் வாசிக்கிற மனுசனக் கேளுங்க. என்னா ஒரு வாசிப்பு! உசுரோட ஈக்கிறாரோ தெரியா.”

“நீங்கள் என்ன சொன்னியள்?” என்று கேட்டேன்.

“ஸ்பானரைத் தரச் சொன்னனான்.”

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டீர்கள். நெடுநேரம் தண்ணீர் ஓடியது.

கற்பிட்டிச் சந்தையில் ஹோட்டலுக்குக் கருவாடு வாங்க வந்த முனாசை நான்தான் மறித்தேன். “தம்பி, நீர் சொன்ன அந்த மனுசன் உயிரோடதான் இருக்கிறார். எங்கட இவர்தான்.” அவன் கருவாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டான். “அல்லாஹ்வே! பகிடி பண்ணாதீங்க அக்கா.” பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது. அதற்காக நீங்கள் என்னோடு சில நாள் முகம் கொடுக்கவில்லை. அது எனக்குப் பரவாயில்லை.

முனாஸ் சும்மா இருக்கவில்லை. முகப்புத்தகத்தில் தேடித்தேடி, உங்களை ஒளித்துவைத்த அந்தச் சிங்களப் பெடியனைச் சிலாபத்தில் கண்டுபிடித்தான். பெடியனா! நிஹால் வந்து இறங்கியபோது தலை முழுக்க நரை, ஒரு கையில் கிற்றார், மறு கையில் முழங்காலுக்குத் தைலம். உங்களைக் கண்டதும் அந்த மனுசன் கிற்றாரை மணலில் போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்தது.

“மச்சான், நீ செத்துப்போன எண்டு நினைச்சு நான் கோயில்ல பூசை குடுத்தது” என்றார்.

“வைச்சிரு. பிறகு உதவும்” என்றீர்கள்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கடவுளே, சிரித்தோம்.

முனாஸ் கொழும்பிலிருந்து ஒரு பழைய பேஸ் கிற்றார் வாங்கிவைத்திருந்தான். ஹோட்டலின் கிடுகுக் கொட்டிலுக்குள் நல்ல வெயில் நேரம். வெள்ளைக்காரர் எல்லோரும் களப்பில். நிஹால் உங்கள் பழைய பாட்டொன்றைத் தொடங்கினார். கொஞ்சத் தூரம் போய் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்.

“ஏலாதடா. விரல் இல்லை.”

“இருக்கிற விரலால வாசி.”

“அது அந்தப் பாட்டா இராது.”

“வேற பாட்டு வாசிப்பம்” என்றார் நிஹால். “நான் மெதுவாப் போறது. நீ வா.”

அவர் மெதுவாகப் போனார். நீங்கள் இரண்டு விரலோடு பின்னால் போனீர்கள். எட்டாத இடத்தை விட்டுவிட்டு, எட்டிய இடத்தில் ஒரேயொரு சுரத்தை வைத்தீர்கள். பிறகு இன்னொன்று. கொட்டிலின் மரத்தூணில் சாய்ந்திருந்த என் முதுகுக்கு அதன் அதிர்வு வந்தது. உங்களோடு அவ்வளவு காலம் வாழ்ந்தும் அன்றுதான் நீங்கள் வாசித்ததைக் கேட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கலியாணத்தன்றுகூட அப்படி இருக்கவில்லை.

ஓட்டோவில் வீடு வரும்போது, “கனக்கப் பிழைச்சுது” என்றீர்கள்.

“எனக்கு ஒண்டும் பிழைச்ச மாதிரித் தெரியேல்லை.”

“உமக்குத் தெரியாது” என்று சொல்லி வெளியே பார்த்துச் சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என்ன ஒரு மாற்றம்! வேலையால் வந்ததும் சாப்பாடுகூடக் கேட்காமல் கிற்றாரைத் தூக்கினீர்கள். அன்று கொட்டிலில் வாசித்தது மெல்ல மெல்ல ஒரு புதுப் பாட்டாக வளர்ந்தது. நிஹால் கிழமைக்குக் கிழமை போன் எடுத்தார். “தலவிலக் கோயில் திருவிழா முடியச் சிலாபத்துக்குப் போவம். அங்க ஒலிப்பதிவு செய்யலாமாம்” என்றீர்கள். உங்களுக்கு ஒரு புதுச் சேட்டு தைக்கக் கொடுத்தேன். ஒலிப்பதிவுக்கு யார் சேட்டைப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டீர்கள். “நான் பாப்பன்” என்றேன்.

தலவிலவில் கொடி ஏறிய கிழமை, பள்ளிவாசல்துறையில் ஒரு எஞ்சினைத் திறந்து வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டீர்களாம். தண்ணீர் வந்தபோது நீங்கள் படகின் மேல் சாய்ந்திருந்தீர்களாம். முனாஸ்தான் வந்தான். படலையில் நின்றவன் உள்ளே வரவில்லை. “அக்கா, வாங்க. அண்ணனுக்குச் சுகமில்ல” என்றான். அவனுடைய குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் புத்தளம் ஆஸ்பத்திரிவரைக்கும் செபமாலை சொன்னேன். எதற்காகச் சொன்னேன்? அந்த மாதிரி நேரத்தில் வாய்க்கு வேறென்ன வேலை கொடுப்பது?

புதுச் சேட்டோடுதான் உங்களை அனுப்பினேன்.

செத்தவீட்டில் நிஹாலும் முனாசும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு நிஹால் திரும்ப வந்தார். நீங்கள் வாசித்த மூன்று இசைத்தட்டுகளையும் பதிந்து, கேட்பதற்கு ஒரு பெட்டியும் கொண்டுவந்தார். ஜாஸும் றொக்கும் எங்கள் பக்கத்துத் தாளமும் கலந்தது, அந்தக் காலத்தில் இங்கே அப்படி யாரும் செய்யவில்லை என்றார். எனக்கு ஒரே இரைச்சல். சக்ஸபோன் கத்துகிறது, மேளம் அடிக்கிறது. அதில் நீங்கள் எங்கே என்று தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது.

“அக்கா, சக்ஸை விடுங்க. மேளத்தை விடுங்க. என்ர கிற்றாரையும் விடுங்க” என்றார் நிஹால்.

“எல்லாத்தையும் விட்டா என்ன மிச்சம்?”

“அடியில போற சத்தம். அதுதான் றெஜி.”

அன்றிலிருந்து அடியில் போவதை மட்டும் கேட்டுப் பழகினேன். அரிசி களையும்போது, வெங்காயம் உரிக்கும்போது, திரும்பத் திரும்ப. இப்போது எனக்குத் தெரியும். முதல் இசைத்தட்டில் சக்ஸபோன்காரன் கோபக்காரன் மாதிரி ஓடித்திரிகிறான். நீங்கள் அதே சுரங்களை அவசரப்படாமல் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் ஓரிடத்தில் ஒரேயொரு சுரத்தை மாற்றுகிறீர்கள், முழுப் பாட்டும் திரும்பி வேறு பக்கம் பார்க்கிறது. அந்த ஆளை எனக்குத் தெரியும். வீட்டில் சண்டை என்றால் கடைசியில் ஒரு சொல் சொல்லிவிட்டு எழும்புகிறவர் அவர்தான்.

இரண்டாவதில் உள்ளவரை எனக்கு அவ்வளவு தெரியாது. அதில் ஒரு மெதுவான பாட்டில் மற்றவர்கள் ஒதுங்கி நிற்க, உங்கள் தடித்த தந்திகள்தான் பாடுகின்றன. ஒரு சுரத்திலிருந்து மற்றதுக்கு வழுக்கிப் போகும்போது ஆள் அழுகிற மாதிரியே இருக்கிறது. அப்போது உங்களுக்கு ஒரு இழப்பும் வந்திருக்கவில்லையே. யாரை நினைத்து அப்படி வாசித்தீர்கள்? கேட்க ஆள் இல்லை. நிஹாலிடம் கேட்டால் சிரிக்கிறார், சொல்கிறாரில்லை.

மூன்றாவது இசைத்தட்டை நீங்கள் கேட்டதே இல்லை. நீங்கள் கப்பலேறிய பிறகுதான் அது வெளிவந்ததாம். அதன் கடைசிப் பாட்டு தொடங்கும்போது நீங்கள் ஓரடி முந்திப் பாய்ந்துவிடுகிறீர்கள். எல்லோரும் நிற்கிறார்கள். ஒருவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார், மூச்சு முட்டுகிற சிரிப்பு. பிறகு திரும்பத் தொடங்குகிறீர்கள்.

“ஆர் சிரிக்கிறது?” என்று கேட்டேன்.

நிஹால் என்னை வடிவாகப் பார்த்தார். “தெரியேல்லையா? றெஜிதான். வெட்டச் சொல்லிச் சொன்னாங்க. நான் வெட்ட விடேல்ல. ஆள் போயிட்டது, இதாவது இருக்கட்டும் எண்டு.”

எனக்குத் தெரியவில்லை, இஞ்சேருங்கோ. உங்களோடு அவ்வளவு காலம் ஒரே பாயில் படுத்த எனக்கு அந்தச் சிரிப்பு தெரியவில்லை. நீங்கள் சிரித்தால் உதடு மட்டும் விரியும், சத்தம் வராது. உங்கள் சுபாவம் அது என்றே நினைத்திருந்தேன். எரிந்தது ஒரு அறையும் ஒரு கிற்றாரும் மட்டுமில்லை என்று அன்றுதான் விளங்கியது. நீங்கள் செத்த அன்று அழுததைவிட அந்தச் சிரிப்புக்கு அதிகம் அழுதேன். முனாஸ் வந்து பெட்டியை நிற்பாட்டிவிட்டு, தேத்தண்ணி ஊற்றித் தந்தான்.

இப்போது ஒரு புதினம். போன கிழமை நிஹால் வந்தார். நீங்கள் இருவரும் கட்டிய அந்தப் புதுப் பாட்டை ஒலிப்பதிவு செய்யப் போகிறாராம். பேஸ் வாசிக்கிற இடத்தைச் சும்மா விட்டுவிடவா, உங்கள் ஞாபகமாக அப்படியே வெறுமையாக இருக்கட்டுமா என்று என்னிடம் கேட்டார். நீர்கொழும்பில் ஒரு பிள்ளை இருக்கிறாளாம், நல்லாய் வாசிப்பாளாம். ஆனால் நான் வேண்டாம் என்றால் கூப்பிடமாட்டாராம். முனாசும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வெறுமையாக விட்டுவிடத்தான் விருப்பம் என்று தெரிந்தது.

நான் வெகுநேரம் யோசிக்கவில்லை. “அவளைக் கூப்பிடுங்கோ” என்றேன். “அந்த இடம் இவ்வளவு காலம் வெறுமையாக் கிடந்தது காணும்.”

“றெஜி விரல் எட்டாம விட்ட இடமெல்லாம்? அவளும் விடவா?”

“அவளுக்கு விரல் இருக்கெல்லோ? விரும்பின மாதிரி வாசிக்கட்டும்.”

நிஹால் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னது சரியா? நீங்கள் இருந்திருந்தால் ஒரு சொல் சொல்லிவிட்டு எழும்பியிருப்பீர்கள். அது என்ன சொல்லாக இருந்திருக்கும் என்று இன்னமும் யோசிக்கிறேன்.

மாதம் பிறக்க மெலனியோடு சிலாபத்துக்குப் போகிறேன். அந்தப் பிள்ளை வாசிக்கும்போது அந்த அறைக்குள் இருப்பேன். மற்றவர்கள் சக்ஸபோனையும் கிற்றாரையும் கேட்கட்டும், நான் அவளைத்தான் கேட்பேன். முடிந்ததும் போய் அவள் கையைப் பிடித்து, நல்லாயிருந்தது பிள்ளை, எனக்குக் கேட்டது என்று சொல்வேன். உங்களுக்கு ஒருநாளும் சொல்லவில்லையே. அவளுக்குச் சொல்வேன், இது சத்தியம்.

உங்கட மனுசி,
மெலனியின் அம்மா,
ஸ்ரெலா