தசைக்குத் தள்ளத் தெரியாது

இன்று காலை அஸ்தினாபுரம் கோழிக்கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் வெட்டி ஒதுக்கிய கால்கள் ஒரு தட்டில் குவிந்து கிடந்தன. "கறியோட ரெண்டு காலும் போடுங்க" என்றேன். "சூப்புக்காம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்து ஒன்றைக் கழுவி, வெட்டுவாயில் துருத்திக்கொண்டிருந்த வெள்ளை நாரைப் பிடித்து இழுத்தேன். விரல்கள் மடங்கின. நாரை விட்டேன், அவை முழுதாக நீளவில்லை. நீட்டுவதற்கு மறுபக்கத்து நாரைத் தேடிப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். கேட்டிருந்தால் உன்னைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.

நாம் இருவரும் கால்நடை மருத்துவம் படித்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை விடுதியிலிருந்து தாம்பரத்தில் உன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாய். நீங்கள் எல்லாரும் சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு கோழிக்குழம்பு. உன் அம்மா தூக்கிப் போடும் காலை எடுத்து வைத்துக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்த என்னிடம் பாடம் நடத்துவாய். "தசைக்கு இழுக்கத்தான்டி தெரியும், தள்ளத் தெரியாது. அதான் ஆண்டவர் எல்லாத்தையும் ஜோடி ஜோடியா வச்சிருக்கார். ஒண்ணு மடக்கும், இன்னொண்ணு நீட்டும்." முதல்ல அதைக் கீழே வை, சாப்பாடு இறங்கவில்லை என்பேன். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது புத்தகம் அல்ல, உன் வீட்டுக் குழம்பு வாசனைதான்.

படிப்பு முடிந்ததும் நான் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் பார்க்கும் வேலைக்குப் போய்விட்டேன். நீ பிடிவாதமாகக் கால்நடை மருந்தகத்துக்குப் போனாய். மாடு பிடிக்கிற வேலை பெண்களுக்கு எதற்கு என்று உன் மேலதிகாரியே கேட்டார். கத்தி எப்போதும் அவர் கையில்தான் இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வாரம், என் வீட்டுக்குப் பால் ஊற்றும் சரோஜா வரவில்லை. சனிக்கிழமை வெறும் கையோடு வந்து வாசலில் நின்றாள். "கறுப்பி பின்னாங்கால இஸ்துகினு நிக்குது டாக்டரம்மா. மடக்கவே மாட்டேங்குது. நாளைக்கி சாயங்காலம் தரகரு வராரு, அடிமாட்டுக்குக் குடுத்துடலாங்கிறான் என் கொழுந்தன்." அவளிடம் இருந்தது அந்த ஒரு மாடுதான். கன்றுக்கு இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நான் உடனே உன்னிடம் வந்து சொன்னேன்.

மறுநாள் உன் மொபெட்டில் கிளம்பினோம். சரோஜா இருந்த கோவிலம்பாக்கத்தில் அப்போது வீடுகளைவிட வைக்கோல் போர்கள் அதிகம். கறுப்பி ஒரு பின்னங்காலைப் பின்னால் நீட்டியபடி நின்றிருந்தது. நடக்க வைத்தால் குளம்பு மண்ணில் கோடு போட்டது. நீ தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில், "சில்லு மாட்டிக்கிச்சுடி" என்றாய். முழங்கால் சில்லு தொடையெலும்பின் மேட்டில் ஏறிச் சிக்கிக்கொண்டிருந்தது. எலும்பு உடையவில்லை, தசைக்கும் ஒன்றும் ஆகவில்லை. தசை எவ்வளவு இழுத்தாலும் பூட்டிக்கொண்ட கால் மடங்காது. சில்லைப் பிடித்திருக்கும் மூன்று நார்களில் உள்பக்கத்து நாரை மட்டும் வெட்டினால் விட்டுவிடும். தவறிப்போய் நடு நாரை வெட்டினால் மாடு அவ்வளவுதான்.

சரோஜாவின் கொழுந்தன் அடுப்பில் கம்பியைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். "சூடு இஸ்தா சரியாப்பூடும். இல்லேன்னா தரகரு கீறாரு" என்றான். அப்போதுதான் நீ கைப்பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய கோழிக்காலை எடுத்தாய். எனக்கு மானம் போயிற்று. சரோஜாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து நாரை இழுத்துக் காட்டினாய். இழுத்தால் மடங்குகிறது பாருங்க, இந்த மாதிரி ஒரு நார்தான் உங்க மாட்டுக்கு மாட்டிக்கிட்டிருக்கு என்று விளக்கினாய். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அது செத்த கோழி காலு, டாக்டரம்மா. என் மாடு உசுரோட கீது" என்றாள்.

நீ கோழிக்காலைக் கீழே வைத்தாய். அவள் விடவில்லை. "இத்த எத்தினி மாட்டுக்குப் பண்ணிகீறீங்க?"

நான் உன் முழங்கையைக் கிள்ளினேன். நீ அதைப் பொருட்படுத்தாமல், "நானா பண்ணதில்ல. பக்கத்துல நின்னு கத்தி எடுத்துக் குடுத்திருக்கேன், அவ்ளோதான். ஆனா எந்த நார்னு எனக்குத் தெரியும்" என்றாய். உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. கெட்டிக்காரத்தனமாக ஒரு பொய் சொல்லத் தெரியாதா உனக்கு?

சரோஜா கம்பியைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள். "சூடு போட்டாலும் வலிதான், அறுத்தாலும் வலிதான். நீங்க அறுங்க. எய்ந்துக்கலேன்னா தரகரு கிட்ட நீங்களே பேசுங்க."

வைக்கோல் பரப்பி, கயிறு போட்டுக் கறுப்பியைச் சாய்த்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டாய். கட்டை விரலால் தடவி ஒவ்வொரு நாராக எண்ணினாய். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாய். உன் உதடு ஜெபித்ததா, பாடத்தைச் சொல்லிப் பார்த்ததா என்று எனக்குத் தெரியாது. கத்தி நுனி உள்ளே போனது. தடித்த சணல் கயிறு அறுபடுவது போல ஒரு சத்தம் கேட்டது. ரத்தம் கொஞ்சம்தான்.

கயிற்றை அவிழ்த்தார்கள். கறுப்பி எழுந்திருக்கவில்லை.

தலையை வைக்கோலில் போட்டபடி கிடந்தது. கொழுந்தன் கம்பியை மறுபடி அடுப்பில் செருகினான். சரோஜா என்னைத்தான் பார்த்தாள், கூட்டிவந்தவள் நான்தானே. நீ மட்டும் அந்தப் பின்னங்காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாடு பின்பக்கத்தைத்தான் முதல்ல தூக்கும். எழுந்திரிச்சுதுன்னா அந்தக் காலை மடக்கித்தான் எழுந்திரிக்கணும். கன்னுக்குட்டிய அவுத்து விடுங்க" என்றாய்.

கன்று கத்திக்கொண்டு ஓடிவந்தது. கறுப்பி முன்கால்களை மடித்து மண்டியிட்டு, பின்பக்கத்தைத் தூக்கியது. கால் மடங்கியது, ஊன்றியது. எழுந்து நான்கு காலில் நின்று, கன்றை நோக்கி நடந்தது. மண்ணில் கோடு விழவில்லை.

சரோஜா ஏமாந்துபோனவள் மாதிரி பார்த்தாள். "இன்னா டாக்டரம்மா, இவ்ளோதானா? இதுக்கா இத்தினி நாளு பேஜாரு?" என்றாள். அப்புறம் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தச் சந்தடியில் கோழிக்காலை நாய் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அதன் பிறகு அந்தப் பக்கத்தில் உனக்கு நிலைத்த பெயர் கோழிக்கால் டாக்டரம்மா. தொண்ணூறுகளில் நிலமெல்லாம் மனையாகி மாடுகள் குறைந்த பிறகும், அந்தப் பெயரைச் சொல்லித்தான் உன்னைத் தேடி வந்தார்கள்.

வயதான காலத்தில் உனக்குப் பக்கவாதம் வந்து இடது கை மடங்கிப்போனபோது, நான் அழுதேன், நீ வகுப்பெடுத்தாய். "மடக்குற கோஷ்டி ஜெயிச்சிடுச்சுடி. நீட்டுற கோஷ்டி ஸ்டிரைக்" என்றாய். தினமும் விரல்களைப் பிரித்துவிடச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலமானால் பஸ் பிடித்துத் தாம்பரம் வந்துவிடுவேன். முதல் நாள் நான் விரலைப் பிடித்து நேராக இழுத்ததும் கத்தினாய். "மாட்டுக்காலாடி இது? மணிக்கட்டை முதல்ல மடக்கு. நார் தளரும். அப்புறம் விரலைப் பிரி." அப்படியே செய்தேன். மூடியிருந்த கை திறந்துகொண்டது. உள்ளங்கை குழந்தையுடையது போல வெளுத்து ஈரமாக இருந்தது. பிறகு நான் வந்து உட்கார்ந்தாலே, பேச்சை நிறுத்தாமல் அந்தக் கையை எடுத்து என் மடியில் வைப்பாய். ஊர் வம்பு முழுவதும் பேசுவோம். நான் கிளம்பும்போது விரல்கள் மறுபடி மடங்கத் தொடங்கியிருக்கும். "நாளைக்கும் உனக்கு வேலை இருக்கு" என்பாய்.

நீ போய் ஐந்து மாதமாகிறது. எனக்கு உன்மேல் கோபம்தான் அதிகம் வருகிறது. எல்லாம் ஜோடி ஜோடி என்று சொன்னவள், சொல்லிக்கொள்ளாமல் போயிருக்க வேண்டாம்.

காலையில் அந்தக் கோழிக்காலைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவினேன். இப்போது சாயங்காலம். டிவி ஓடுகிறது. மருமகள் காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, "கை வலிக்குதா அத்தை?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். என் வலது கை, மடியில் கிடந்த என் இடது கையின் மணிக்கட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு, நன்றாகவே நீண்டிருக்கும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தது.