விரத நாளில் நீ தின்ற வெங்காயம்

அம்மா,

கை கழுவிய பிறகும் விரல் இடுக்கில் கோதுமை மாவும் நெய்யும் மணக்கின்றன. விளக்குப் போட்டால் அப்பா எழுந்துவிடுவார். பால்கனிக் கதவோரம், தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். இன்று உன்னைப் பற்றி ஒன்று தெரிந்தது.

வெங்காயம் விலை ஏறியபோது நீ பயந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. சாம்பாரில் முள்ளங்கி போட்டாய். மயூர் விஹார் மார்க்கெட்டில் தள்ளுவண்டிகள் கிளம்பும் நேரம் பார்த்து என்னை இழுத்துக்கொண்டு போவாய், அப்போதுதான் விலை இறங்கும் என்று. எப்போதும் சும்மா போடும் கொத்தமல்லிக்கும் வண்டிக்காரன் காசு கேட்டான். "உன் வண்டியிலேயே கிடந்து காயட்டும் போடா" என்று தமிழில் சொல்லிவிட்டு, "அச்சா பையா" என்று இந்தியில் சொல்லி அவனிடம் சிரித்தாய், மூக்குத்தி இரண்டும் மின்ன.

பிறகு உன் விரதங்கள் கூடின. சோமவாரம், வெள்ளி, நடுவில் சஷ்டி. "எனக்கு விரதம்டி, நீங்க சாப்பிடுங்க. இன்னிக்கு வெங்காய வாசனையே எனக்கு ஆகாது" என்று சொல்லிக் கோயிலுக்குக் கிளம்புவாய்.

காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. பட்டினிதான் உன்னைக் கொண்டுபோனது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது சமையல் என்னுடையது. "முடியலைன்னா சொல்லும்மா. உன்னையும் தம்பியையும் திருச்சியில சித்தப்பா வீட்டுல விட்டுடறேன்" என்றார் அப்பா. அவரைத் தனியாக விட்டுப் போக வேண்டுமே என்ற பயத்தில் நானும் விரதம் பிடித்தேன். அரிசி மாதக் கடைசி வரை வரட்டும் என்று.

இன்று மார்க்கெட்டில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டிருந்த ஒரு சர்தார்ஜி வீட்டு ஆன்ட்டி என்னைத் தாங்கிப் பிடித்து, பின்னால் இருக்கும் குருத்வாராவுக்கு, யார் வந்தாலும் காசு வாங்காமல் சாப்பாடு போடும் அவர்கள் கோயிலுக்கு, அழைத்துப் போனார். தலையில் துணி கட்டி, வரிசையில் உட்காரவைத்து, ரொட்டியும் பருப்பும் போட்டார். நான் தமிழ்ப் பெண் என்றதும் சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னார்.

"இங்கே ஒரு மதராசி அக்கா வருவாள். மூக்கில் ரெண்டு பக்கமும் சிவப்புக்கல். எங்களோடு ரொட்டி தேய்ப்பாள். ஒன்றாவது வட்டமாக வரணுமே! உன் ரொட்டிக்குக் காலும் வாலும் இருக்கு, ஓடிடப் போகுதுன்னு கிண்டல் பண்ணுவோம். சாப்பிடும்போது பச்சை வெங்காயம் கேட்டு வாங்கிக் கடிப்பாள். இப்போ ஏனோ வர்றதில்லை."

கையில் எடுத்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன், அம்மா. வெங்காயமா? நீயா? விரத நாளிலா?

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நீ பட்டினி கிடக்கவில்லை! உன் பங்குச் சோற்றை எங்களுக்கு வைத்துவிட்டு, யாரோடோ சிரித்துக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டிருக்கிறாய். "அது என் அம்மா" என்றேன். ஆன்ட்டி என்னை அடுப்படிக்கு அழைத்துப் போனார். சப்பாத்திக் குழவியை என் கையில் கொடுத்தார். என் ரொட்டியும் வட்டமாக வரவில்லை.

அங்கே ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அப்பா கேட்பார். "நாம போய் இன்னொரு இடத்துல தர்மச் சோறு சாப்பிடறதா?" என்பார். அதற்குப் பயந்துதானே நீயும் கோயில் என்றாய்?

நாளை திங்கட்கிழமை. எனக்கு விரதம் என்று சொல்லப்போவதில்லை. இந்த வீட்டில் நீ ஒருநாளும் சொல்லாததைச் சொல்லப்போகிறேன்.

"பசிக்குதுப்பா, வாங்க, அம்மா போன கோயிலுக்கு மூணு பேரும் போகலாம்."