கேப்பர் மலையடியில் ஒரு பிரெஞ்சுக் கொடி

மாமா,

காலையில் மருமகள் பன்னீர் திராட்சை வாங்கி வந்து அலசி வைத்தாள். அடியில் கிடந்த சில பழங்கள் நசுங்கிப் புளித்திருந்தன. அந்த வாடை வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். "என்னா தேடுறீங்க அத்தை?" என்று கேட்கிறாள். உங்களைத்தான் என்று எப்படிச் சொல்வது?

அறுபதுகளில் பிரெஞ்சுப் பட்டாளத்தை விட்டு, அந்த நாட்டிலேயே பொழொலே என்ற மலைச்சரிவுப் பகுதியில் ஒரு கிழவர் கிழவியின் திராட்சைத் தோட்டத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுக் கடலூர் வந்தீர்கள். என்னைக் கட்டிக்கொண்டீர்கள். அத்தை மகன், அப்பா வழியில் புதுச்சேரி, சீமை பார்த்தவர் என்று சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் ஒரே பெருமை. எனக்குத்தான் பயம். உங்கள் பெட்டியை நீங்கள் முழுதாகப் பிரிக்கவே இல்லை.

பேச்செல்லாம் அந்த ஊர்தான். "போர்தோவுல மாளிகை கட்டிக்கினு ஒயின் பண்றான். அல்சாஸ்ல வெள்ளைப் பழம், ரீஸ்லிங்னு பேரு. எங்க எடத்துல கமேன்னு கருப்பு. புருஷன், பொண்டாட்டி, புள்ளைங்க, அவ்ளோதான் ஆளுங்க," என்பீர்கள். கிழவரின் ஒரே மகன் போரில் செத்துவிட்டான். விளைச்சலில் பாதி உனக்கு, திரும்பி வந்துவிடு என்று அவர் சொல்லியிருந்தார். நம் பக்கத்து வாரச் சாகுபடிதான். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டது.

கப்பலில் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்த கமே குச்சியை, வந்த வாரமே மலையடிச் செம்மண்ணில் வீட்டுக்குப் பின்னால் நட்டிருந்தீர்கள். நான் வாழ வந்தபோது அது பந்தல் ஏறியிருந்தது. "இது இங்க காய்ச்சா இருக்கேன். காய்க்கலன்னா கெளம்பிடுவேன்," என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள். மதுவிலக்கு இருந்த காலம். "ஒயின் எப்போ மச்சான்? போலீசுக்கும் ஒரு கிளாஸ் எடுத்து வையி," என்று பக்கத்து வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். எனக்குச் சிரிப்பு வராது.

கொடி தழைத்தது, காய்க்கவில்லை. பொழொலேவில் குளிருக்கு இலையெல்லாம் கொட்டி, கொடி தூங்கிய பிறகே கத்தி வைப்பார்களாம். நீங்கள் இங்கேயும் இலை உதிரக் காத்திருந்தீர்கள். கடலூர் வெயிலில் எந்தக் கொடி தூங்கும்? நான் மல்லித் தோட்டத்தில் வளர்ந்தவள். மார்கழியில் தண்ணீரை நிறுத்தி, கவாத்து பண்ணி, இலையை உருவிவிட்டால்தான் செடி மொட்டு வைக்கும். சொல்லிப் பார்த்தேன். "மல்லியும் இதுவும் ஒண்ணா? இலை தானா வுழணும்டி," என்று சிரித்தீர்கள்.

அடுத்த மார்கழியில் கப்பல் விசாரிக்கப் புதுச்சேரி போனீர்கள். எனக்கு வந்த கோபத்தில் மொத்த இலையையும் உருவிப் போட்டேன். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த மல்லிக் கத்தியால் கவாத்தும் பண்ணினேன். காய்க்கட்டும் என்று செய்தேனா, செத்துத் தொலையட்டும் என்று செய்தேனா, சத்தியமாக எனக்கே தெரியாது.

சாயங்காலம் வந்து பார்த்தீர்கள். "கொன்னுட்டியேடி," என்று பந்தல் காலருகே உட்கார்ந்துவிட்டீர்கள். அப்புறம் என்னோடு பேச்சில்லை. சில நாளில் வெட்டிய இடமெல்லாம் தண்ணீர் சொட்டியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள்.

"அழுவுது பாரு. கொடி அழுதா பொழச்சிக்கிச்சின்னு கிழவன் சொல்லுவான்," என்றீர்கள்.

சித்திரையில் சின்னச் சின்னக் குலைகள் கறுத்தன. முதல் பழத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

"அந்த ருசி இருக்கா மாமா?"

"இல்ல."

"அப்போ?"

"காய்ச்சா இருக்கேன்னுதானே சொன்னேன். ருசியப் பத்திப் பேசலியே."

இருந்தீர்கள். பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு புயலில் கொடி போய்விட்டது, நீங்கள் போகவில்லை. ஆனால் புரட்டாசி அங்கே அறுவடைக் காலம். அது வந்துவிட்டால் உங்களுக்கு இருப்புக் கொள்ளாது. காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு முதுநகர்த் துறைமுகத்துக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். இங்கே அடுப்படியில் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. உச்சி வெயிலில் சைக்கிள் சத்தம் கேட்கும். "சோறாயிடிச்சா?" என்றபடி உள்ளே வருவீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும். எதற்குப் போனீர்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவீர்களோ என்று பயம்.

இனி அந்தப் பயத்துக்கு வேலையில்லை. நீங்கள் போயாகிவிட்டது, கப்பலேறி அல்ல, கண்ணை மூடி. இருந்தும் இந்தப் புரட்டாசியிலும் உலை கொதிக்கும் நேரத்தில் என் காது வாசலிலேயே கிடக்கிறது. மருமகள் சாப்பிடக் கூப்பிடுகிறாள். கொஞ்சம் போகட்டும் என்று சொல்லிவிட்டு நிற்கிறேன்.

சோறாகி நேரமாகிறது, மாமா.