பிரேக் ஒயர் போகும் வழி

ஜூன் 9

அக்கா சைக்கிளின் பின் பிரேக் ஒயர் துருவேறிக் கிடந்தது. சனிக்கிழமை அவள் வேலைக்காக வேறு ஊர் போகிறாள். சைக்கிளும் கூடவே வேனில் ஏறுகிறது. அங்கே அறையிலிருந்து ஆபீசுக்கு ஆறு கிலோமீட்டர், பஸ் கிடையாது. புது ஒயர் போட்டுத் தருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன்.

பழைய சைக்கிள்களில் ஒயர் வெளியே ஓடும். இதில் ஹேண்டிலுக்குக் கீழே ஒரு துளையில் நுழைந்து, ஃபிரேமின் வயிற்றுக்குள் போய், சீட்டுக்கு அடியில் இன்னொரு துளை வழியாக எட்டிப் பார்க்கிறது. அழகுதான்.

பழைய ஒயரைச் சரக்கென்று உருவிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகிவிட்டு உருவியிருக்க வேண்டும் என்று. குழாய் உள்ளேயே நின்றிருந்தால் புது ஒயருக்கு வழி இருந்திருக்கும். இப்போது இருட்டுதான் இருக்கிறது.

ஜூன் 10

இரண்டு மணி நேரம் தள்ளினேன். ஒயர் போகிறது, போகிறது, வெளியே மட்டும் வரமாட்டேன் என்கிறது.

கண்ணை மூடிக்கொண்டால் விரல் நுனிக்கு உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற மாதிரி இருக்கிறது. நீண்ட, விளக்கில்லாத தெரு. ஒருத்தி சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிறாள். கதவென்று தெரியாமலே கதவைத் தாண்டிப் போகிறாள். நில் என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அம்மா எட்டிப் பார்த்து, "யாருகிட்டடி பேசிட்டிருக்கே?" என்றாள்.

ஜூன் 11

சைக்கிள் கடைக்காரர் போனில் சிரித்தார். "குழாய் விடாம உருவிட்டீங்களா? போச்சு போங்க! இதை டிசைன் பண்ணவன் ஒரு தடவையாச்சும் கையால ஒயர் மாத்திப் பாத்திருக்கணும்மா. கொண்டு வாங்க, அடுத்த புதன்கிழமை தர்றேன்."

புதன். வேன் சனி.

அக்காவிடம், "ஆச்சு, கொஞ்சம்தான் பாக்கி" என்றேன்.

ஜூன் 12

காந்தம் வைத்து இழுத்தும் வரவில்லை.

ஒன்பதாம் தேதி எழுதியது பொய். குழாய் விஷயம் எனக்கு முன்பே தெரியும். போன வருஷம் என் சைக்கிளுக்கு அப்படித்தான் செய்தேன். குழாய் மேஜை மேலேயே இருந்தது.

அப்புறம் ஏன் உருவினேன்? சைக்கிள் போகாவிட்டால் அவளும் போகமாட்டாள் என்றா? இருபத்து நாலு வயசில் இப்படியா ஒருத்தி யோசிப்பா? யோசிக்கவில்லை. கைதான் உருவியது —

கைதானா?

ஜூன் 13

அக்கா பார்த்துவிட்டாள். "இதான் உன் கொஞ்சம் பாக்கியா?"

நூலை உள்ளே விட்டு, மறுபக்கம் வேக்யூம் கிளீனரால் உறிஞ்சலாம் என்றேன். ஆனால் இரண்டு ஆள் வேண்டும்.

"அப்போ நான் யாரு, பொம்மையா?"

காற்று பிடித்து இழுக்க, நூல் நுனியில் துளி பாலிதீன் கட்டினேன். ஃபிரேமில் இருந்த மற்ற சின்னத் துளைகளை நான் விரலால் அடைத்துக்கொள்ள, அவள் மெஷினைப் பிடித்தாள். அந்த இரைச்சலில் கேட்டாள், "வேணும்னே உருவினியாடி?"

"தெரியல."

"எனக்குத் தெரியும். விரலை எடுக்காதே, காத்து போகுது."

நூல் சிலிர்த்தது. பிறகு சர்ரென்று உள்ளே ஓடி, மறுபக்கம் மெஷின் வாயில் போய் நின்றது. அதில் ஒயரைக் கட்டி மெல்ல இழுத்தோம். வந்துவிட்டது. வெகுநேரம் யாரும் மெஷினை அணைக்கவில்லை.

"போகாதேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா?"

"போயிருப்பேன். ஆனா நீ சொல்லியிருக்கணும்."

ஜூன் 14

வேன் போயிற்று. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.

ஜூன் 22

அக்கா போன் செய்தாள். மேடு பள்ளத்தில் ஒயர் உள்ளே தட்டிக் கிணுகிணு என்கிறதாம். ஒயர் மேல் மாட்டும் பஞ்சுக் குழாயை மறந்திருக்கிறேன். இது நிஜமான மறதி.

"நான் தெருமுனையில திரும்பும்போதே ஆபீஸ்ல கண்டுபிடிச்சிடறாங்கடி."

"அங்க ஏதாவது கடையில குடேன்."

"எவன் கையிலயும் குடுக்கமாட்டேன். நீ வந்து போடு."

இருக்கிற ஒயரை உருவாமலே மாட்டலாம் என்றார் கடைக்காரர். பஞ்சுக் குழாய் ஒன்றரை மீட்டர் சுருட்டி, பாதி படித்த நாவலோடு பையில் வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை ரயிலில் இடம் கிடைத்திருக்கிறது.