பாப்பா கன்னத்துப் பொடி

அன்புள்ள மச்சானுக்கு,

பொன்மணி எழுதுறேன். சாப்பிட்டீகளா? அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு? இங்கன எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜெர்மனிக் குளிரும் பழகிப்போச்சு, தூக்கம்தான் வரமாட்டேங்குது.

இன்னைக்கு ஒரு கூத்து. மழை மேகத்துக்கும் மேலே மிதக்குற தூசியைத்தானே நான் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பார்க்குறேன்? அந்தத் தூசியோட அளவைப் பத்து மடங்கு பெரிசா அடிச்சிட்டேன். ஒரு வருசத்துக்கு மேல மிதக்க வேண்டியது ரெண்டே வாரத்துல கீழே வந்துருச்சு. "வீட்டுக்குப் போற அவசரம் உனக்கா, தூசிக்கா?"ன்னு புரொபசர் சிரிச்சாரு.

என் கவனம் பூரா நீங்க நேத்து அனுப்பின போட்டோவுலதான். பட்டாசுக் கம்பெனியில இருந்து வந்த கோலத்துலேயே நம்ம பாப்பாவைத் தூக்கி வச்சிருக்கீக. அவ கன்னமெல்லாம் அலுமினியப் பொடி. கீழே "வெள்ளிச் சிலை"ன்னு வேற எழுதியிருக்கீக. மச்சான், கண்ணுக்குத் தெரியுற பொடி உதிர்ந்துரும். தெரியாத நைசுப் பொடி காத்துலேயே நின்னு அவ நெஞ்சுக்குள்ள போயிரும். போன்ல சொன்னா, "படிச்சவளுக்கு எல்லாமே பயம்"னு சிரிச்சு மழுப்புவீக. அதான் எழுதுறேன்.

பட்டாசு மருந்து கலக்கும்போது போட்டிருந்த சட்டையை வாசல்லேயே கழட்டிருங்க. குளிச்சிட்டு அவளைத் தூக்குங்க. அதுவரைக்கும் அழுவா, தெரியும். அந்தப் பத்து நிமிசம் போனை அவ முன்னால வைங்க. எனக்கு அப்ப மதியம்தான். வேலையை விட்டு வெளியே வந்து பேசிக்கிட்டிருக்கேன்.

கண்ணு சொருகுது, நிறுத்துறேன்.

பொன்மணி