அக்டோபர் கட்டத்தில் ஒரு டிக்

என் ஸ்டெல்லா கண்ணுக்கு,

நாளைக்கு உன் வருஷப் பூசை. சுங்குவார்சத்திரத்தில் இன்றும் மழைதான். கம்பெனி பஸ்ஸுக்குக் குடை பிடித்து நிற்கும் உன் தோழிகள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பரிதாபப்படுகிறார்களாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கம்பெனியில் உன் அசெம்பிளி லைனில் முதலுதவிப் பொறுப்பு உனக்கு. வீட்டையும் கம்பெனி மாதிரியே ஆக்கிவைத்தாய். அவசரத்துக்கென்று ஒரு நீலப் பெட்டி. டார்ச், கட்டுத்துணி, பிஸ்கட், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், உன் வீசிங்குக்கு உபரியாக ஒரு இன்ஹேலர். பெட்டியில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, மாதத்துக்கு ஒரு கட்டம் போட்டாய். முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நான் எல்லாவற்றையும் பார்த்து டிக் போட வேண்டும்.

"இன்னாங்க, தெறந்து பாத்துத்தான போடுறீங்க?" என்பாய்.

"பின்ன, கண்ண மூடிக்கினா போடுறேன்?"

கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டேன், ஸ்டெல்லா. ஒரகடத்தில் என் ஃபேக்டரியில் பதினெட்டு வருஷமாகக் கைவந்த வேலை அது. மெஷின் செக் ஷீட்டை யார் தினமும் பார்த்து நிரப்புகிறார்கள்? ஆடிட் வருகிறது என்றால் ஒரே மூச்சில் மாதம் முழுவதற்கும் டிக் அடிப்போம். சந்தேகம் வராமலிருக்க இரண்டு பேனா மாற்றிக்கொள்வோம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

செப்டம்பரில் ஒரு நாள் அந்த இன்ஹேலரை எடுத்து இழுத்துவிட்டு, "தீரப் போவுது, வேற ஒண்ணு வாங்கி வெச்சிடுங்க" என்று திரும்பப் பெட்டியில் போட்டாய். சரி என்றேன். மறந்துபோனேன். அக்டோபரில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். நீ அட்டையைப் பார்த்தாய், நம்பினாய்.

அந்த மழை நாளில் உனக்கு மூச்சு முட்டியபோது, உன் இன்னொரு இன்ஹேலர் கம்பெனி லாக்கரில் கிடந்தது. நீ பதறவே இல்லை. "பொட்டில கீது, எடுத்துக்கினு வாங்க" என்றாய். பெட்டியில் கிடந்த அதே பழையதை உன் வாயில் வைத்து அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. அப்போது என்னைப் பார்த்தாயே, உனக்குத் தெரிந்துவிட்டதா? தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. உன்னைத் தோளில் போட்டு நடந்தேன். போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

"தண்ணிதாம்பா கொண்டுகினு போச்சு" என்று ஊரே சொன்னது. நானும் தலையாட்டினேன்.

நம் ஜெனிக்குப் பதின்மூன்று வயதாகிறது. அவளுக்கும் வீசிங் வந்துவிட்டது. போன வாரம் அந்த அட்டையோடு வந்து நின்றாள்.

"அக்டோபர்ல உங்க டிக் கீதேப்பா. அப்புறம் எப்டி காலியா இருந்துச்சு?"

"கடக்காரன் ஏமாத்திட்டாம்மா" என்றேன். வாய் கூசவில்லை. அன்றிலிருந்து மருந்துக்கடைக்காரரை முறைத்துக்கொண்டே போகிறாள். நேற்று, "என்னோட இன்ஹேலரையும் பெட்டில வெச்சிட்டேன். நீங்களே டிக் போடுங்கப்பா. நீங்க போட்டா எனக்கு பயமில்ல" என்றாள்.

நாளைக்கு அவளோடு கல்லறைக்கு வருகிறேன். உன் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். இது சத்தியம். வெறுத்தால் வெறுக்கட்டும். என்னை நம்பி அவள் மூச்சு விடக் கூடாது.

உன் வீட்டுக்காரன்,
சகாயம்